மோதிரக் குவியல்: போரில் முன்னேற்றத்தை இராணுவங்கள் அளந்த கதை

எங்கேனும் ஒரு போர் மூண்டுவிட்டால், சில நாட்களுக்குள் இரண்டு வகையான எண்கள் செய்திகளை நிரப்பத் தொடங்கிவிடுகின்றன. இத்தனை சதுர கிலோமீட்டர் கைப்பற்றப்பட்டது என்பது ஒன்று. எதிர்த்தரப்பில் இத்தனை பேர் கொல்லப்பட்டனர் என்பது மற்றொன்று. கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்ட எண்ணிக்கையைப் படிப்பதுபோலவே இரண்டையும் படிக்கிறோம். எண் பெரிதாக இருக்கும் பக்கமே வென்றுகொண்டிருக்கிறது என்று முடிவும் கட்டிவிடுகிறோம். தொலைக்காட்சி விவாதங்களில் மட்டும் நடக்கும் பிழை என்றால் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தலைமைத் தளபதிகளின் அலுவலகங்களிலும் இதே பிழை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. போரில் முன்னேற்றம் என்பதன் பொருள் என்ன, அதை இராணுவங்கள் எவற்றைக் கொண்டு அளந்தன, அந்த அளவுகள் எங்கே உதவின, எங்கே ஏமாற்றின என்பதை, இராணுவப் பின்னணி எதுவும் இல்லாதவர்களுக்காக அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறேன்.

## ஓட்ட எண்ணிக்கையும் சதுரங்கமும்

கிரிக்கெட்டில் ஓட்டங்களே முடிவு. அதிக ஓட்டம் எடுத்த அணி வென்றது என்று விதி சொல்லிவிடுவதால், அளப்பதற்கும் வெல்வதற்கும் இடையே இடைவெளி இல்லை. சதுரங்கம் சற்று வேறு. வெட்டிய காய்களைப் பலகையின் ஓரத்தில் அடுக்கி வைக்கிறோம்; அடுக்கு நீண்டால் நிலைமை சாதகம் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் ராணியைப் பலிகொடுத்து எதிரியின் அரசனை மடக்கிய ஆட்டங்களும் உண்டு. வெற்றி எந்தப் பக்கம் சாயக்கூடும் என்பதற்கு வெட்டிய காய்கள் ஓர் அடையாளம், அவ்வளவுதான். நேரடியாக அளக்க முடியாத ஒன்றுக்குப் பதிலாக, அதோடு தொடர்புடையது என்று நம்பி நாம் அளக்கும் வேறொன்றைப் பதிலி அளவு என்று அழைப்போம். உடலுக்குள் பரவும் தொற்றைக் கண்ணால் காண முடியாத மருத்துவர் வெப்பமானியைப் பார்ப்பதும் பதிலி அளவைப் பார்ப்பதுதான். மாத்திரையால் காய்ச்சல் இறங்கிய உடனே நோய் தீர்ந்துவிட்டது என்று அவர் சொல்லமாட்டார்.

போர் சதுரங்கத்தைவிடவும் சிக்கலானது. அரசன் மடக்கப்பட்டானா என்பதில் ஆட்டக்காரர்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு வராது. போரில் அப்படி ஒரு விதியோ நடுவரோ இல்லை. ஒரு தரப்பு அடியோடு அழிந்துபோகும் அரிய போர்களை விட்டுவிட்டால், "இனிப் போதும்" என்று தோற்கும் தரப்பு தீர்மானிக்கும்போதுதான் போர் முடிகிறது. பிரஷ்யச் சிந்தனையாளர் கிளாசவிட்ஸ் எதிரியின் படை, எதிரியின் நாடு, எதிரியின் மன உறுதி என்று மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பேசியதற்கு இதுவே காரணம்: முதல் இரண்டும் கைக்கு வந்துவிட்டாலும், மூன்றாவது முறியாதவரை போர் முடிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. படையை எண்ணலாம், நிலத்தை அளக்கலாம். மன உறுதியை அளக்கத்தான் கருவி இல்லை. ஆகவே ஒவ்வோர் இராணுவமும் எண்ண முடிந்ததை எண்ணிக்கொண்டு, எண்ண முடியாததைப் பற்றி ஓர் ஊகம் செய்துகொள்கிறது. "இதைச் செய்தால் எதிரி நிறுத்திவிடுவான்" என்ற அந்த ஊகத்துக்கு வெற்றிக் கோட்பாடு என்று பெயரிடலாம். ஓர் எண்ணுக்குப் பொருள் தருவது அதன் பின்னால் நிற்கும் வெற்றிக் கோட்பாடே. கோட்பாடு பிசகிவிட்டால் எண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது வழி காட்டாது.

## வெட்டிய கைகள், கொட்டிய மோதிரங்கள்

எண்ணும் பழக்கம் மிகப் பழையது. எகிப்தில் கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் ராமேசஸின் மெதினத் ஹாபு கோயில் சுவர்ச் சிற்பங்களில், போரில் கொல்லப்பட்டவர்களின் வெட்டப்பட்ட கைகள் குவியலாகக் கிடக்க, எழுத்தர்கள் அருகில் நின்று கணக்கெழுதுவதைக் காணலாம். போரில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்ற வீரனுக்கே பரணி பாடப்படும் என்று தமிழ்ப் பாட்டியல் இலக்கணம் வரம்பு கட்டியதும் ஒரு வகையில் எண்ணிக்கைதான். பழங்காலத்தில் எண்ணியதன் முதல் நோக்கம் பரிசும் புகழும் பங்கிடுவது. போர் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று அறிவதற்காக எண்ணுவது வேறொரு வேலை. இவ்விரண்டையும் ஒரே எண்ணைக் கொண்டு செய்யப் பார்த்ததால் வந்த கேட்டைப் பின்னர் வியட்நாமில் காண்போம்.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டும் காட்சி, ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதிவைத்தது. கி.மு. 216இல் தென்னித்தாலியின் கன்னே போர்க்களத்தில், ரோமின் எதிரியான வட ஆப்பிரிக்க நகர அரசு கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலின் படை ரோமானியப் படையைச் சுற்றி வளைத்து, ஒரே நாளில் பல பத்தாயிரம் பேரைக் கொன்றது. ஹன்னிபாலின் தம்பி மாகோ இச்செய்தியோடு தாயகமான கார்த்தேஜுக்குச் சென்று, ஆட்சி மன்றத்தின் முகப்பில் தங்க மோதிரங்களைக் கொட்டினார். ரோமானியப் படையில் உயர்குடிக் குதிரைவீரர்களே அத்தகைய மோதிரம் அணிவார்கள். அவர்களிலும் முதன்மையானவர்களே அணிவார்கள் என்று மாகோ விளக்கமும் சொன்னார். தானியம் அளப்பதுபோல் படியிட்டு அளக்க வேண்டிய அளவுக்கு மோதிரங்கள் இருந்தன. மன்றம் மகிழ்ச்சியில் திளைத்தது.

அப்போது ஹன்னிபாலின் குடும்பத்தை நெடுங்காலமாக எதிர்த்துவந்த ஹன்னோ என்ற மூத்த உறுப்பினர் சில கேள்விகள் கேட்டார். லத்தீன் இனத்து ஊர்களில் ஒன்றேனும் ரோமைக் கைவிட்டு நம் பக்கம் வந்ததா? ரோமானியக் குடிமக்களின் 35 குலப் பிரிவுகளில் எதிலிருந்தேனும் ஒருவர் நம்மிடம் ஓடிவந்தாரா? இல்லை என்றார் மாகோ. சமாதானம் பேச ரோமிலிருந்து ஹன்னிபாலிடம் தூது வந்ததா? அதுவும் இல்லை. அப்படியானால், ஹன்னிபால் இத்தாலிக்குள் நுழைந்த அன்று இருந்த அதே நிலையில்தான் போர் இன்றும் இருக்கிறது என்றார் ஹன்னோ. மன்றம் அவர் பேச்சைச் சட்டைசெய்யாமல் மேலும் படை அனுப்ப முடிவெடுத்தது. கப்புவா முதலிய தென்னித்தாலிய நகரங்கள் கார்த்தேஜின் பக்கம் சாய்ந்தது உண்மையே. ஆனால் ஹன்னோ கேட்ட லத்தீன் ஊர்கள் சாயவில்லை. மேலும் பதினைந்து ஆண்டுகள் இழுத்த அந்தப் போரில் இறுதியில் தோற்றது கார்த்தேஜ்.

நிகழ்ச்சி நடந்து இரு நூற்றாண்டுகள் கழித்து எழுதிய லிவி, முடிவு தெரிந்த நிலையில் இவ்வுரையாடலைத் தம் கைப்படச் செதுக்கியிருக்கக்கூடும். இருந்தாலும் இன்றைய இராணுவக் கையேடுகள் பல பக்கங்களில் விளக்கும் ஒரு வேறுபாடு இதில் முழுமையாக இருக்கிறது. நாம் என்ன செய்தோம், எவ்வளவு செய்தோம் என்பதைச் சொல்லும் எண் செயல் அளவு. அதனால் எதிரியிடம் என்ன மாற்றம் ஏற்பட்டது என்பதைச் சொல்லும் எண் விளைவு அளவு. மோதிரங்கள் செயல் அளவு. ஹன்னோ கேட்டவை விளைவு அளவு.

இதுவரை கண்டது இவ்வளவே: வெற்றியை நேரடியாக அளக்க முடியாததால் இராணுவங்கள் பதிலி அளவுகளை நாடுகின்றன, அவற்றுள் செயலை அளப்பவை எளிதில் கிடைக்கின்றன, விளைவை அளப்பவை அரிதாகவே கிடைக்கின்றன.

## வரைபடத்தில் நகரும் கோடு

பதிலி அளவுகளில் மிக இயல்பாகத் தோன்றுவது நிலம். இரு படைகளும் எதிரெதிரே நிற்கும் இடங்களை இணைத்து வரையும் கோட்டைப் போர்முனைக் கோடு என்கிறோம். கோடு எதிரியின் பக்கம் நகர்ந்தால் முன்னேற்றம், நம் பக்கம் நகர்ந்தால் பின்னடைவு. குழந்தைக்கும் புரியும் கணக்கு இது. தலைநகரைப் பிடித்துவிட்டால் போர் முடிந்துவிடும் என்பது இந்த அளவின் உச்சகட்ட வடிவம்.

1812 செப்டம்பர் 14 அன்று நெப்போலியன் மாஸ்கோவுக்குள் நுழைந்தார். நிலக் கணக்குப்படி அதைவிடப் பெரிய முன்னேற்றம் இருக்க முடியாது. ரஷ்யப் பேரரசர் அலெக்சாண்டரிடமிருந்து சமாதானத் தூது வரும் என்று ஐந்து வாரம் காத்திருந்தார், வரவில்லை, அக்டோபர் 19 அன்று வெளியேறினார். இப்படையெடுப்பைப் பற்றிப் பிரெஞ்சுப் பொறியாளர் மினார் 1869இல் வரைந்த விளக்கப்படம் இன்றும் புள்ளியியல் வகுப்புகளில் காட்டப்படுகிறது. படையின் பாதையை ஒரு பட்டையாக வரைந்து, அந்தந்த இடத்தில் உயிரோடு இருந்த வீரர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பட்டையின் அகலத்தை அமைத்தார் அவர். நீமன் ஆற்றைக் கடக்கும்போது 4,22,000 பேருக்கான அகலத்தில் தொடங்கும் பட்டை, மாஸ்கோவை அடையும்போது 1,00,000 பேருக்கானதாகச் சுருங்கிவிடுகிறது. திரும்பி வரும் கரிய பட்டை 10,000 பேரோடு முடிகிறது. கோட்டின் நீளத்தைப் பார்ப்பவருக்கு மாஸ்கோ வெற்றியின் உச்சி. அகலத்தைப் பார்ப்பவருக்கோ அங்கே நான்கில் மூன்று பங்கு படை ஏற்கெனவே கரைந்துபோயிருக்கிறது. இரண்டு அளவுகள் ஒரே நேரத்தில் எதிரெதிர்ச் செய்தி சொல்லக்கூடும் என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் படத்தை நான் கண்டதில்லை.

முதல் உலகப் போரின் கடைசி ஆண்டு இதற்கு இன்னொரு சான்று. 1918 மார்ச் 21 அன்று ஜெர்மனி தொடங்கிய பெருந்தாக்குதலில் அதன் படைகள் சில இடங்களில் 60 கிலோமீட்டருக்கு மேல் முன்னேறின. மேற்குப் போர்முனையில் 1914க்குப் பிறகு எந்தத் தரப்பும் கண்டிராத முன்னேற்றம் அது. ஆனால் மீட்டெடுக்க முடியாத அளவுக்குத் தேர்ந்த வீரர்களை அதில் ஜெர்மனி இழந்தது. எட்டு மாதங்களுக்குள் போரையே இழந்தது. நவம்பர் 11இல் போர்நிறுத்தம் வந்தபோதும் மேற்கே ஜெர்மானியப் படைகள் பெல்ஜியத்திலும் பிரான்சின் ஒரு பகுதியிலும் நின்றுகொண்டிருந்தன. வரைபடத்தை மட்டும் பார்த்த ஜெர்மானியருக்கு இத்தோல்வி விளங்கவே இல்லை. "களத்தில் தோற்காத படையை உள்நாட்டுத் துரோகிகள் முதுகில் குத்தினார்கள்" என்ற கட்டுக்கதை அங்கே வேரூன்றியதற்கு அரசியல் காரணங்கள் பல இருந்தாலும், கோடு அந்நிய மண்ணில் இருந்தது என்ற ஒரு செய்தி அதற்கு நல்ல உரமாயிற்று. அளவுகோலைத் தவறாகப் படிப்பதன் தீமை போரோடு முடிந்துவிடுவதில்லை.

நிலம் எப்போதுமே பொய் சொல்லும் என்று கொள்ள வேண்டாம். அந்த நிலம் எதிரியின் போரிடும் ஆற்றலுக்குத் தீனியிடும்போது அது நல்ல அளவுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தென் மாநிலத்தவரின், அதாவது தென்னவரின், தலைநகரான ரிச்மண்டைக் குறிவைத்த வடதரப்புத் தளபதி ஹூக்கருக்கு 1863இல் அதிபர் ஆபிரகாம் லிங்கன், உமது உண்மையான இலக்கு ரிச்மண்ட் அன்று, தென்னவரின் தளபதி லீயின் படையே என்று எழுதினார். அடுத்த ஆண்டு அட்லாண்டா விழுந்தபோது நிலைமை வேறு: அது இரயில் பாதைகள் கூடும் சந்திப்பு, அதன் வீழ்ச்சி தென்னவரின் வழங்கல் வழியையும் அறுத்தது, லிங்கனின் மறுதேர்தலுக்கும் வழிவகுத்தது.

## தண்ணீர்த் தொட்டிக் கணக்கு

கோடு நகராதபோது என்ன செய்வது? 1914இன் இறுதியில் மேற்குப் போர்முனை பதுங்குகுழிகளில் உறைந்துபோயிற்று. 1916 ஜூலை 1 அன்று, சோம் ஆற்றங்கரைத் தாக்குதலின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் படை 57,470 பேரை இழந்தது. அவர்களில் 19,240 பேர் இறந்தவர்கள். நான்கரை மாதங்களுக்குப் பிறகு தாக்குதல் முடிந்தபோது, மிக அதிகமாக முன்னேறிய இடத்திலும் தொலைவு 10 கிலோமீட்டர் அளவே. நிலத்தைக் கொண்டு இதை வெற்றி என்று எவரும் சொல்ல முடியாது. எனவே கணக்கு மாறியது: எவ்வளவு நிலம் என்பதற்குப் பதிலாக, எதிரி எவ்வளவு தேய்ந்தான் என்பது கேள்வியாயிற்று. எதிரியின் ஆட்களையும் பொருள்களையும் அவனால் ஈடுகட்ட முடியாத வேகத்தில் குறைத்துக்கொண்டே போவதைத் தேய்ப்புப் போர் என்பர்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். அடியில் ஓட்டை போட்டுத் தண்ணீரை வெளியேற்றுகிறோம். மேலே ஒரு குழாய் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. தொட்டி எப்போது காலியாகும் என்று சொல்ல, வெளியேறும் வேகம், உள்ளே வரும் வேகம், இப்போதுள்ள மட்டம் ஆகிய மூன்றும் தெரிய வேண்டும். போரில் நான்காவதாக ஒன்றும் வேண்டும்: மட்டம் எவ்வளவு இறங்கினால் உரிமையாளர் கைவிரிப்பார் என்பது. தேய்ப்புப் போர் நடத்தும் இராணுவத்துக்குச் சுமாராகத் தெரிவது முதலாவது மட்டுமே. எதிரியின் தொட்டி மூடியிருக்கிறது.

ஜெர்மானியக் கடற்படைத் தலைமையதிகாரி ஹோல்ட்சென்டார்ஃப் 1916 டிசம்பரில் அளித்த குறிப்பறிக்கை இக்கணக்கின் மிகத் தூய வடிவம். நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் விதிக்காமல் விட்டால் மாதம் 6 லட்சம் டன் கப்பல்களை மூழ்கடிக்கலாம். அஞ்சி ஒதுங்கும் நடுநிலை நாட்டுக் கப்பல்களையும் சேர்த்துக்கொண்டால், ஐந்து மாதங்களில் உணவின்றி பிரிட்டன் பணிந்துவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார் அவர். இதனால் அமெரிக்கா போரில் இறங்கக்கூடும் என்பதும் அவருக்குத் தெரியும்; அது வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பது கணக்கின் ஒரு பகுதி. 1917 பிப்ரவரி 1 அன்று இப்போர்முறை தொடங்கியது. ஏப்ரலில் மூழ்கடித்த அளவு 8 லட்சம் டன்னையும் தாண்டியது. இலக்கு எட்டப்பட்டது, ஆனால் பிரிட்டன் பணியவில்லை. உணவுப் பங்கீடும் கூடுதல் உழவும் பற்றாக்குறையைத் தாங்கின. வணிகக் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்துப் போர்க்கப்பல் காவலோடு அனுப்பும் முறை இழப்பைக் குறைத்தது. ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போரில் இறங்கியது. கூட்டல் கழித்தலில் பெரிய பிழை இல்லாத ஒரு கணக்கு, எதிராளி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான் என்று எண்ணியதால் கவிழ்ந்தது.

சுருங்கச் சொன்னால், நிலக் கணக்கு எதிரியின் படையை மறக்கச் செய்கிறது. தேய்ப்புக் கணக்கு எதிரியின் குழாயையும் மன உறுதியையும் மறக்கச் செய்கிறது.

## எண்ணுகிறவரின் கண்

இதுவரை எண்களைச் சரியானவை என்று வைத்துக்கொண்டே பேசினோம். களத்தில் எண்ணுவதே கடினம் என்பதை இரண்டாம் உலகப் போர் காட்டியது. 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மானிய விமானங்களைச் சுட்டு வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. உண்மை எண் 60 அளவில்தான் இருந்தது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. வானில் நொடிப் பொழுதில் நடக்கும் சண்டையில், புகை கக்கியபடி கீழே பாயும் ஒரே விமானத்தை மூன்று விமானிகள் சுட்டிருந்தால், மூவரும் தனித்தனியே ஒன்று என்று எழுதுவார்கள்.

ஜெர்மனி மீது பிரிட்டன் நடத்திய குண்டுவீச்சிலும் இதே கதை. எத்தனை விமானங்கள் சென்றன, எத்தனை டன் குண்டு வீசின என்ற செயல் அளவுகள் 1941 வரை நம்பிக்கையூட்டுவனவாகவே இருந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில், பட் என்ற அரசு அதிகாரி, குண்டு விழும்போது விமானங்களிலிருந்தே எடுக்கப்பட்ட புகைப்படங்களை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்று மட்டுமே இலக்கிலிருந்து ஐந்து மைல் தொலைவுக்குள் வந்திருந்தது. தொழிற்சாலைப் புகை மூடிய ரூர் பகுதியில் பத்தில் ஒன்று. இந்த ஓர் அறிக்கை, இரவில் வழி கண்டறியும் கருவிகளுக்கு முன்னுரிமை கிடைக்கச் செய்தது.

போர் நடவடிக்கைகளைக் கணிதத்தாலும் புள்ளியியலாலும் ஆராயும் துறை, செயலாய்வு, இக்காலத்தில்தான் வளர்ந்தது. அதன் சிறந்த பாடம் எண்ணுவதைப் பற்றியது அன்று. எதை எண்ணுவது என்பதைப் பற்றியது. மத்தியதரைக் கடலில் செல்லும் வணிகக் கப்பல்களுக்கு விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவை சுட்டு வீழ்த்தியது தாக்க வந்த விமானங்களில் நூற்றுக்கு 4 அளவே என்று கணக்கு வந்தபோது, அவற்றைக் கழற்றி வேறிடங்களுக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. ஆய்வாளர்கள் கேள்வியை மாற்றினார்கள்: துப்பாக்கி எதற்காக வைக்கப்பட்டது? விமானத்தை வீழ்த்தவா, கப்பலைக் காக்கவா? திருப்பிச் சுட்ட கப்பல்களில், தாக்கப்பட்டவற்றுள் நூற்றுக்கு 10 மூழ்கின. சுடாதவற்றில் நூற்றுக்கு 25 மூழ்கின. குண்டு பாயும்போது விமானி குறிபார்த்து நிதானமாக வீச முடியவில்லை என்பதே விளக்கம். துப்பாக்கிகள் கப்பலிலேயே இருந்தன.

## வியட்நாம்: அளவே இலக்கானபோது

மேலே சொன்ன பிழைகள் எல்லாம் ஓரிடத்தில் கூடியது வியட்நாமில். தென் வியட்நாம் அரசுக்குத் துணையாக, வட வியட்நாமோடும் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களோடும் மோதிய அமெரிக்கப் படைக்கு அங்கே போர்முனைக் கோடு என்று ஒன்று இல்லை. காலையில் பிடித்த குன்றை மாலையில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். எனவே தேய்ப்புக் கணக்கே முதன்மையான கணக்காயிற்று. தளபதி வெஸ்ட்மோர்லேண்டின் வெற்றிக் கோட்பாடு எளிமையானது: எதிரி புதிதாகச் சேர்க்கும் ஆட்களைவிட அதிகமானோர் கொல்லப்படும் நாள் ஒன்று வரும், அதைக் கடந்துவிட்டால் எதிரியின் படை சுருங்கத் தொடங்கும். அந்தக் கட்டத்தைக் கடப்புப் புள்ளி என்று அழைத்தார்கள். அதை அறிவதற்கான எண்ணே, பின்னாளில் இழிபெயர் பெற்ற சடல எண்ணிக்கை.

தொட்டி உவமையை இங்கே பொருத்திப் பார்க்கலாம். முதலில், உள்ளே வரும் குழாய்: வட வியட்நாமில் ஆண்டுதோறும் சுமார் 2 லட்சம் இளைஞர்கள் படை வயதை எட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது, மட்டம்: எதிரியின் மொத்தப் பலம் எவ்வளவு என்பதில் 1967இல் பெரும் சர்ச்சை எழுந்தது. ஊர்க்காவல் கொரில்லாக்களையும் பகுதிநேரப் போராளிகளையும் சேர்த்தால் 5 லட்சத்தை எட்டும் என்று உளவு நிறுவனமான சிஐஏவின் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அவர்களைச் சேர்க்காமல் 3 லட்சத்துக்குள் நிறுத்த வேண்டும் என்பதில் இராணுவத் தலைமை உறுதியாக இருந்தது. கண்ணிவெடி வைக்கும் பகுதிநேரக்காரர் இறந்தால் சடலக் கணக்கில் சேருவார், உயிரோடு இருக்கும்வரை படைக் கணக்கில் சேரமாட்டார் என்றால், கடப்புப் புள்ளி காகிதத்தில் விரைவாகவே வந்துவிடும். மூன்றாவது, ஓட்டையின் அளவு யார் கையில் இருந்தது என்பது. பெரும்பாலான மோதல்களின் இடத்தையும் நேரத்தையும் எதிரியே தேர்ந்தெடுத்தான் என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சகத்தின் பகுப்பாய்வாளர்களே கண்டறிந்தார்கள். இழப்பு கூடினால் அவன் காட்டுக்குள் ஒதுங்கிவிடலாம். தேறியபின் மீண்டும் வரலாம்.

இவற்றையெல்லாம்விட ஆழமான கோளாறு ஒன்று இருந்தது. பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கை பற்றிச் சொன்ன ஒரு கருத்து, குட்ஹார்ட் விதி என்ற பெயரில் எளிய வடிவில் வழங்குகிறது: ஓர் அளவையே இலக்காக்கிவிட்டால், அதன்பின் அது அளக்கப் பயன்படாது. சடல எண்ணிக்கையைக் கொண்டே அதிகாரிகளின் திறமை மதிப்பிடப்பட்டது, பதவி உயர்வுகள் பேசப்பட்டன. பரிசு பங்கிடும் எண்ணும் நிலைமை அறியும் எண்ணும் ஒன்றாகிவிட்டன. விளைவை மீகாங் கழிமுகப் பகுதியில் 1968 டிசம்பர் முதல் 1969 மே வரை அமெரிக்காவின் 9ஆவது காலாட்படைப் பிரிவு நடத்திய நடவடிக்கையில் காணலாம். கொல்லப்பட்ட எதிரிகள் ஏறத்தாழ 10,900 பேர் என்று பதிவாயிற்று. அவர்களிடமிருந்து கைப்பற்றிய ஆயுதங்கள் 748. பதினான்கு பிணங்களுக்கு ஒரு துப்பாக்கி என்ற இந்த விகிதத்தைப் பார்க்கும் எவருக்கும் மற்ற பதின்மூன்று பேர் யார் என்ற கேள்வி எழும். கொல்லப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் பொதுமக்களாக இருக்கலாம் என்று பின்னர் இராணுவத்தின் உள் ஆய்வே மதிப்பிட்டது. முதல் எண்ணுக்குப் பாராட்டு கிடைத்தது. இரண்டாவது எண்ணை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நிலத்தையும் விட்டுவிடவில்லை. 1967 ஜனவரி முதல், சிற்றூர்களை மாதந்தோறும் மதிப்பிடும் முறை ஒன்று நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்களுக்கு, பாதுகாப்பு, நிர்வாகம் முதலிய 18 கூறுகளின் அடிப்படையில், பள்ளி மாணவருக்குத் தரம் போடுவதுபோல், 'ஏ' முதல் 'இ' வரை ஆங்கில எழுத்துத் தரம் இடப்பட்டது. எதிரியின் பிடியில் இருப்பவற்றுக்கு 'வி'. கணிப்பொறி அவற்றைக் கூட்டி வரைபடமாக அச்சிட்டது. மாவட்டத்துக்கு ஒருவராக இருந்த, மொழி அறியாத அமெரிக்க ஆலோசகர், பல பத்துச் சிற்றூர்களை மாதந்தோறும் எப்படி உண்மையாக மதிப்பிட்டிருக்க முடியும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். 1967இன் இறுதியில் மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு ஓரளவு பாதுகாப்பாக இருப்பதாக இம்முறை காட்டியது. நவம்பரில் வெஸ்ட்மோர்லேண்டும், முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்று வாஷிங்டனில் பேசினார்.

1968 ஜனவரி இறுதியில், டெட் புத்தாண்டு நாட்களில், நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களும் ஊர்களும் ஒரே சமயத்தில் தாக்கப்பட்டன. இழப்புக் கணக்குப்படி அது தாக்கியவர்களுக்குப் பேரழிவு. எனினும் மார்ச் 31 அன்று மீண்டும் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தவர் அமெரிக்க அதிபர் ஜான்சன். எதிரியின் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தம் தொட்டியின் மட்டம் தெரியாமல் போயிற்று.

## அமைதிக்கு இரண்டு பொருள்

வியட்நாமுக்குப் பிறகு சடலங்களை எண்ணுவதை அமெரிக்க இராணுவம் கூச்சத்தோடு ஒதுக்கியது. ஆனால் அதன் இடத்தில் எதை வைப்பது என்பது தெளிவாகவில்லை. பயங்கரவாதத்துக்கு எதிரான போரில் நாம் வெல்கிறோமா தோற்கிறோமா என்று அறியும் அளவுகோல் நம்மிடம் இல்லை என்று 2003 அக்டோபர் 16 அன்று பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்பெல்டே தம் அதிகாரிகளுக்கு எழுதினார்.

பலரும் நாடியது தாக்குதல்களின் எண்ணிக்கையை. தாக்குதல் குறைந்தால் நிலைமை சீராகிறது என்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் ஒரு மாவட்டத்தில் தாக்குதலே இல்லையென்றால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: அது அரசின் முழுப் பிடியில் இருக்கலாம், அல்லது கிளர்ச்சியாளர்களின் முழுப் பிடியில் இருக்கலாம். இருவரும் போட்டியிடும் இடத்தில்தான் துப்பாக்கி பேசும். ஆகவே அந்தச் சுழியத்துக்குத் தானாக ஒரு பொருளும் இல்லை. பக்கத்தில் வேறோர் அளவையும் வைத்துத்தான் அதைப் படிக்க முடியும்.

அப்படிப்பட்ட அளவுக்கு மலாயாவில் ஒரு பழைய முன்மாதிரி உண்டு. 1948 முதல் 1960 வரை நீடித்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சியின்போது, ஒரு பகுதி பாதுகாப்பானது என்று நிர்வாகம் கருதினால் அதை 'வெள்ளைப் பகுதி' என்று அறிவித்து, ஊரடங்கையும் உணவுக் கட்டுப்பாடுகளையும் நீக்கியது. 1953இல் மலாக்காவில் இது தொடங்கியது. வரைபடத்தில் வெள்ளை பூசுவதற்கு ஒரு விலை இருந்தது என்பதே இதன் சிறப்பு. மதிப்பீடு பொய்யானால், கட்டுப்பாடு தளர்ந்த அதே இடத்தின் வழியாகக் கிளர்ச்சியாளர்களுக்கு அரிசி போய்ச் சேரும், அறிவித்தவர் மாட்டிக்கொள்வார்.

இன்னொரு வழி, இராணுவம் செய்யாத, இராணுவத்துக்காகச் செய்யப்படாத ஒன்றை அளப்பது. ஆப்கானிஸ்தானில் சந்தையில் விற்கும் வெளியூர்க் காய்கறிகளின் விலையைக் கவனிக்கலாம் என்று ஆஸ்திரேலிய முன்னாள் இராணுவ அதிகாரி டேவிட் கில்கல்லன் 2009இல் பரிந்துரைத்தார். தொலைவிலிருந்து லாரியில் வரும் காயின் விலையில் எரிபொருள் மட்டுமின்றி, வழியில் கொடுக்கும் லஞ்சம், கொள்ளை அச்சம், லாரி வராமலே போகும் ஆபத்து எல்லாம் அடங்கியிருக்கின்றன. சாலை எவ்வளவு பாதுகாப்பானது என்பதை லாரிக்காரர் தம் சொந்தப் பணத்தை வைத்து மதிப்பிடுகிறார். அவருக்குப் பதவி உயர்வு தேவையில்லை. தளபதியை மகிழ்விக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆப்கானிஸ்தானில் முதன்மையாகப் பயன்பட்டவை இவையல்ல. மாவட்டங்கள் யார் கட்டுப்பாட்டில் உள்ளன என்ற பட்டியலும், அரசுப் படையின் ஆள் எண்ணிக்கையுமே அங்கே அடிக்கடி பேசப்பட்டன. 2018 அக்டோபர் நிலவரப்படி 407 மாவட்டங்களில் 53.8 விழுக்காடு அரசின் கட்டுப்பாட்டிலோ செல்வாக்கிலோ இருந்தன. சில ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே வந்த எண் அது. தளபதியின் முடிவுகளுக்கு இதனால் பெரிய பயன் இல்லை என்று கூறி, அந்த மதிப்பீட்டையே படைத் தலைமை நிறுத்திவிட்டது என்று அமெரிக்க அரசின் கண்காணிப்பு அலுவலகம் 2019 ஏப்ரலில் தெரிவித்தது. படையின் பலம் காகிதத்தில் 3 லட்சமாகவே நின்றது. சம்பளப் பட்டியலில் மட்டும் வாழ்ந்த வீரர்களும் அதில் அடங்குவர். 2021 கோடையில் பல மாவட்டங்கள் ஒரு குண்டும் வெடிக்காமல் கிளர்ச்சியாளர்களான தாலிபான்களிடம் கைமாறின. ஊர்ப் பெரியவர்கள் நடுவில் நின்று பேசி முடிக்க, காவல்நிலைகளில் இருந்தவர்கள் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது. சம்பளம் வராத, உணவு வந்து சேராத ஒரு காவல்நிலையில் இருக்கும் வீரர் யாருக்காகச் சுடுவார் என்பதைக் கேட்கும் கட்டம், இருபது ஆண்டுகளாக நிரப்பப்பட்ட அந்தப் படிவங்களில் இருக்கவில்லை.